ஏ.டி.எச்.டி. பரிசோதனைக்குப் போகும் முன்
(பள்ளிப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் குழந்தைகள் மனநல மருத்துவர் பேசியது)

பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். கவனமின்மையோ, அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் அவசரமுமோ, இரண்டும் சேர்ந்தோ பிள்ளையின் அன்றாடத்தைப் பாதிக்கிற குறைபாட்டைத்தான் ஏ.டி.எச்.டி. என்கிறோம்.

"ஏ.டி.எச்.டி. இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாம் டாக்டர்" என்றுதான் பலரும் பிள்ளையை அழைத்து வருகிறார்கள். ஸ்கேன் எழுதித் தருவேன், ரத்தம் எடுக்கச் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற இ.இ.ஜி., எதை எடுத்தும் 'இந்தப் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி.' என்று சொல்லிவிட முடியாது. பிள்ளையின் அன்றாடத்தை விசாரித்துத்தான் முடிவுக்கு வருகிறோம். அந்த விவரமெல்லாம் உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நாங்கள் பின்பற்றும் வரையறைகளில் ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற கையேடு. அதில் கவனமின்மைக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9 அறிகுறிகள். இரண்டில் ஏதாவது ஒரு பட்டியலில் 6 அறிகுறிகளாவது இருக்க வேண்டும். 17 வயது ஆகிவிட்டால் 5 போதும். குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் இல்லாமல், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதோடு, படிப்போ நட்போ வீட்டு வாழ்க்கையோ நிஜமாகவே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த இரண்டு இடம் என்பதைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் ஒழுங்காக இருக்கிற பிள்ளை வீட்டில் மட்டும் கத்துகிறான் என்றால், முதலில் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கு வகுப்பில் மட்டும் கவனம் இல்லை என்றால், காரணம் கணக்காக இருக்கலாம், அந்த வகுப்பாக இருக்கலாம். ஆகவே ஆசிரியரிடம் கேட்காமல், பெற்றோர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் 'ஏ.டி.எச்.டி.' என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதைப் பரிசோதனை என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பற்றி நாங்கள் விவரம் கேட்கும் படிவம் வரும்போது 'நல்ல பையன், கவனம் போதாது' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். வழிமுறை சரியாகத் தெரிந்தும் கூட்டல் குறியைக் கழித்தலாகப் பார்த்துவிடுகிறானா? கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறாளா? வாரத்துக்கு எத்தனை முறை ஜாமெட்ரி பாக்ஸ் தொலைகிறது? எங்களுக்கு வேண்டியது இதுதான்.

பெற்றோர் பழைய ரேங்க் கார்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணை அழைத்து வருகிறீர்கள், சரி. 12 வயதுக்கு முன்பு எப்படி இருந்தாள் என்பதற்கு மூன்றாம் வகுப்பு ஆசிரியர் எழுதிய குறிப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. அதுவரை எந்தத் தொந்தரவும் இல்லாமல், 15 வயதில் திடீரென்று கவனம் போய்விட்டது என்றால் மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, போதைப் பழக்கம் என்று வேறு திசையில் தேட வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. ஓடுவதில்லை, யாரையும் அடிப்பதில்லை. ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து வேறெங்கோ இருப்பாள். யாருக்கும் தொல்லை இல்லாததால் யாரும் அழைத்து வருவதில்லை. 'சோம்பேறி' என்ற பட்டத்தோடு பத்தாம் வகுப்பு வரை வந்துவிடுகிறாள்.

"மொபைலில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருகிறானே, அவனுக்கா கவனக் குறைபாடு?" என்று கேட்கிறார்கள். நொடிக்கு நொடி பரிசு கொடுக்கிற விளையாட்டில் கவனம் தானாக நிற்கும். பரிசு உடனே கிடைக்காத வேலையில், தானாக முயன்று கவனத்தை நிறுத்துவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம்.

பாட்டிகள் சொல்வார்கள், "அவன் அப்பனும் சின்ன வயசில் இப்படித்தான்" என்று. ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள் என்ற அர்த்தத்தில் சொல்கிறார்கள். நாங்கள் அதை எழுதிக்கொள்கிறோம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏ.டி.எச்.டி.யில் பரம்பரையின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்கின்றன. ஆகவே 'வளர்ப்பு சரியில்லை' என்று வீட்டில் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிற அம்மாக்கள் தயவுசெய்து அந்தப் பழியை இறக்கி வையுங்கள்.

ஏ.டி.எச்.டி. மாதிரியே தெரிகிற வேறு விஷயங்களும் உண்டு. காது சரியாகக் கேட்காத பிள்ளை, கரும்பலகை தெரியாத பிள்ளை. மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதை வீங்கி, வாய் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிற பிள்ளை பகலில் நிலைகொள்ளாமல் இருக்கும். ரத்தசோகை, தைராய்டு இருக்கலாம். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் தொடர்வது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். ரத்தமோ இ.இ.ஜி.யோ எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் இவற்றை ஒதுக்குவதற்காகத்தான். இன்னொன்று: ஒரே வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் வைப்பது அதிகம் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அவசரப்பட்டு எல்.கே.ஜி.யில் சேர்த்த பிள்ளையை, அந்த வகுப்போடு இல்லாமல் அதன் வயதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத்தும் வாசிப்பும் தடுமாறினால் கற்றல் குறைபாட்டுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம். தேர்வு நெருங்கிய பிறகு ஓடாதீர்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யில் பார்க்கப்படும் குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் உண்டு, அந்தத் திட்டத்தின் கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் செயல்படுகின்றன. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லையா, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலிமானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள், கட்டணம் இல்லை.

பரிசோதனைக்குப் போனாலே மாத்திரை என்று பயப்பட வேண்டாம். 6 வயதுக்குக் கீழே முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. பெரிய பிள்ளைகளுக்கு மருந்து பரிந்துரைத்தாலும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டு, உங்கள் சம்மதத்தோடுதான் ஆரம்பிக்கப்படும்.

கடைசியாக, பிள்ளையிடம் என்ன சொல்லி அழைத்துப் போகிறீர்கள் என்பது. 'டாக்டரிடம் காட்டினால்தான் நீ அடங்குவாய்' என்று சொல்லி அழைத்து வந்த பிள்ளை எங்களிடம் வாயே திறக்காது. 'படிக்க உட்காரும்போது உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏன் என்று கண்டுபிடிக்கலாம்' என்று சொல்லுங்கள். டீன் ஏஜ் பிள்ளை என்றால் மருத்துவரிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று வண்டியில் ஏறியதும் துருவாதீர்கள்.