வாடகை காரில் குழந்தைக்கு பூஸ்டர் சீட்: வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

[காட்சி: காட்பாடி ஜங்ஷன் வாசல். ஒரு டாக்ஸியின் பின்சீட். பெல்ட் தொங்குகிறது, பக்கிளைக் காணோம்.]

காட்பாடியில ரயிலை விட்டு இறங்கி, ஸ்ரீபுரமோ ஏலகிரியோ போக டாக்ஸி பிடிக்கிறோம். பின்சீட்ல பெல்ட் இருக்கு. அதை மாட்டுற பக்கிள் சீட் கவருக்கு அடியில புதைஞ்சு கிடக்கு. எவ்வளவு நல்ல பூஸ்டர் (குழந்தையை உயர்த்தி உக்கார வைக்கிற சீட்) கையில இருந்தாலும், அந்த பக்கிள் வெளிய வராத வரைக்கும் அது வெறும் மணைதான்.

அதனால வண்டி புக் பண்ணும்போதே கேட்டுடுங்க: "அண்ணா, பின்சீட்ல ஜன்னலோர பெல்ட்டும் பக்கிளும் வெளிய இருக்குதா? குழந்தைக்கு மாட்டணும்." சில கவர்ல பக்கிளுக்கு வழியே விடாம தைச்சிருப்பாங்க. அதைக் கழட்ட நேரம் எடுக்கும். ஸ்டேஷன் வாசல்ல பின்னாடி வண்டி ஹாரன் அடிக்கும்போது அது நடக்காது. முந்தின நாளே சொல்லி வைங்க.

[காட்சி: பூஸ்டர் இல்லாமல் பின்சீட்டில் ஒரு சிறுமி. இடுப்புப் பட்டை வயிற்றின் மேல்.]

பூஸ்டர் என்ன வேலை செய்யுது? குழந்தையைப் பிடிச்சு வைக்கிறது பூஸ்டர் இல்ல, பெல்ட். பூஸ்டர் குழந்தையை உயர்த்தி, பெரியவங்க அளவுக்குச் செஞ்ச பெல்ட்டைச் சரியான எலும்பு மேல விழ வைக்குது.

கார் சீட்டோட ஆழம் பெரியவங்க தொடை நீளத்துக்கு ஏத்தது. சின்ன குழந்தை முதுகைச் சாய்ச்சு உக்காந்தா முழங்கால் மடங்காது, கால் நேரா நீட்டிக்கிட்டு நிக்கும். அது அசௌகரியம். உடனே முன்னாடி சரிஞ்சு உக்காரும். சரிஞ்சதும் இடுப்புப் பட்டை வயித்துக்கு ஏறிடும். வண்டி மோதி நின்னா முழு வேகமும் இடுப்பு எலும்புல விழாம குடல் மேலயும் கல்லீரல் மேலயும் விழும். தோள் பட்டை கழுத்துல உரசுறதால குழந்தை அதை அக்குளுக்கு அடியில தள்ளிவிடும். அப்புறம் மேல் உடம்பைப் பிடிக்க எதுவுமே இல்ல.

[காட்சி: சுவரில் உயரம் குறிக்கிறார்கள். பக்கத்தில் எடை மெஷின்.]

வயசைப் பார்த்து வாங்காதீங்க. எடையும் உயரமும் அளந்துக்கோங்க. குழந்தை சீட்டுக்கு ஐ.நா. பாதுகாப்பு விதி ரெண்டு இருக்கு. பழைய ஆர்44 முத்திரை உள்ள பூஸ்டர் பெரும்பாலும் 15-லேர்ந்து 36 கிலோ வரைக்கும். புது ஆர்129 விதியில உயரம்தான் கணக்கு: முதுகுச் சாய்வு உள்ளது 100 செ.மீ.லேர்ந்து, சாய்வு இல்லாதது 125 செ.மீ.லேர்ந்து. நம்ம குழந்தைங்க நிறைய பேர் 4 வயசுல 15 கிலோவைத்தான் தொடுவாங்க. 18 கிலோ வரைக்கும் அஞ்சு பட்டை ஹார்னஸ் (தோள், இடுப்பு, கால் நடுவுல பிடிக்கிற சீட்டோட சொந்தப் பட்டை) உள்ள சீட்டே நல்லது. அவசரப்பட்டு பூஸ்டருக்கு மாத்தாதீங்க.

சரி, எடுத்துட்டுப் போக எந்த வகை? குழந்தை வண்டியில தூங்குமா, இதுதான் முதல் கேள்வி. சாய்வில்லாத பூஸ்டர் 1, 2 கிலோதான், பைக்குள்ள போயிடும். ஆனா தூங்கினதும் தலை பக்கவாட்டுல சாயும், உடம்பும் கூடவே போகும், தோள் பட்டை நழுவும். ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவுல தூங்காத குழந்தையே ரெண்டு பக்கமும் ஆடும். சென்னை, பெங்களூர், திருப்பதின்னு நீண்ட பயணத்துக்கும், அதிகாலை ரயிலுக்குக் கிளம்புறதுக்கும், மடக்குற மாதிரி முதுகுச் சாய்வு உள்ளதைத்தான் நாங்க சொல்வோம். தூக்க பாரம்தான், ஆனா அந்த பாரத்துக்கு அர்த்தம் இருக்கு.

காத்து ஊதுற வகை சின்ன பொட்டலமா மடங்கும். வேலூர் வெயில்ல நிறுத்தின வண்டிக்குள்ள காத்து விரிஞ்சு கல்லு மாதிரி இறுகும், ராத்திரி குளிர்ந்ததும் தொய்யும். மலை ஏறினாலும் இறுக்கம் மாறும். ஒவ்வொரு தடவை உக்கார வைக்கும் முன்னாடியும் கட்டை விரலால அழுத்திப் பாருங்க.

ஆன்லைன்ல மலிவா வர்ற துணி "சீட்" ஒண்ணு இருக்கு. நாலு பட்டையை சீட்டைச் சுத்திக் கட்டுற மாதிரி. தயவுசெஞ்சு வாங்காதீங்க, மோதல்ல அந்த தையல் தாங்காது. சாப்பாட்டு நாற்காலியில வைக்கிற பூஸ்டரும் அதே பேர்லதான் வரும், அது காருக்கு இல்ல. ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்ல ஆர்44/04 அல்லது ஆர்129, வட்டத்துக்குள்ள ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கணும். இந்திய தரத்தோட பேர் ஏஐஎஸ் 072. ஏற்கெனவே விபத்துல இருந்த சீட்டோ, உள்ளே தெர்மகோல் விரிசல் விட்டதோ வேண்டாம்.

[காட்சி: மாட்டும் முறை, மிக அருகில்.]

மாட்டும்போது கவனிங்க. பக்கிள் பக்கம் இடுப்புப் பட்டை, தோள் பட்டை ரெண்டும் பூஸ்டரோட கைப்பிடிக்கு அடியில போகணும். கதவுப் பக்கம் இடுப்புப் பட்டை மட்டும். நிறைய பேர் பட்டையைக் கைப்பிடி மேலயே விட்டுடுறாங்க, அப்போ அது நேரா வயித்துக்குப் போகும். கோயிலுக்குப் பட்டுப்பாவாடை கட்டியிருந்தா, இடுப்புல திரண்ட மடிப்பைச் சமன் பண்ணுங்க. இல்லன்னா பட்டை இறுகின மாதிரி தெரியும், இறுகியிருக்காது. 'கிளிக்' சத்தம் கேட்டதும் ஒரு தடவை பலமா இழுத்துப் பாருங்க, பூஸ்டர் ஓரம் பக்கிளை அழுத்தினா பாதிதான் மாட்டியிருக்கும். அப்புறம் தோள் பட்டையை மேல இழுத்தா இடுப்புல இருக்கிற தளர்வு போயிடும். வெயில்ல நின்ன வண்டியில பக்கிளோட இரும்பு சுடும், முதல்ல உங்க கையால தொட்டுப் பாருங்க.

பழைய வண்டியில பின்சீட் நடுவுல இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கும். அங்க பூஸ்டர் வைக்கவே கூடாது. விமானத்துலயும் இடுப்புப் பட்டைதான், அதனால பூஸ்டரை லக்கேஜ்ல போட்டுடுங்க. ஆட்டோவுல பெல்ட்டே இல்ல.

குழந்தை சுமார் 145 செ.மீ. உயரம் வந்து, முதுகு சாய்ஞ்சபடி முழங்கால் சீட் விளிம்புல மடங்கி, பட்டை தோள் நடுவுல விழுந்தா பூஸ்டரை எடுத்துடலாம். 14 வயசு ஆகாத குழந்தையை பெல்ட் அல்லது குழந்தை சீட் இல்லாம ஏத்தினா, 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தோட 194பி பிரிவுல 1,000 ரூபாய் அபராதம்.

குழந்தை இறங்கின பிறகு காலி பூஸ்டரை சீட்ல சும்மா விடாதீங்க. திடீர் பிரேக்ல அது முன்னாடி பறக்கும். பெல்ட் மாட்டி வைங்க, இல்ல டிக்கியில போட்டுடுங்க.