எதைப் பாதியில் வைத்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

"நல்ல நாவலா ஒண்ணு சொல்லுங்களேன்" என்று யாராவது கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? நமக்கு உயிரான நாவல் எதுவோ, அதன் பெயரைச் சொல்லிவிடுகிறோம். கேட்டவர் எப்படிப்பட்டவர், படுக்கப் போகும்முன் பத்துப் பக்கம் புரட்டுகிறவரா, விடுமுறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிக்கிறவரா என்றெல்லாம் விசாரிப்பதில்லை. அவர் அந்தப் புத்தகத்தை வாங்கி, முப்பதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டு, நம்மைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார். பிறகு இரண்டு பேருமே அந்த நாவலைப் பற்றிப் பேசுவதில்லை.

அதனால் என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் ஒன்று கேட்பேன். கடைசியாக எந்த நாவலைப் பாதியில் மூடி வைத்தீர்கள்?

பிடித்த நாவல் எது என்று கேட்டுப் பாருங்கள். சபைக்குத் தகுந்த பெயராக ஒன்றைச் சொல்வார்கள். பாதியில் விட்டதைப் பற்றிப் பேசும்போது அந்த ஜாக்கிரதை இருக்காது. "ஏகப்பட்ட பேர், யாருக்கு யார் என்ன உறவுன்னே பிடிபடலை" என்பார் ஒருவர். "நூறு பக்கம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் நடக்கலை" என்பார் இன்னொருவர். "அந்த வட்டாரப் பேச்சு எனக்கு ஓடலை" என்பார் மற்றொருவர். இவர்கள் மூவருக்கும் ஒரே நாவலை எப்படிக் கொடுப்பது?

உறவுமுறையில் சிக்கிக்கொள்கிறவருக்கு நான் சொல்வது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. 1959இல் வந்தது. நூறு பக்கம்கூட இல்லை. ஒரு ஜல்லிக்கட்டு, ஒரே ஒரு பிற்பகல். பிச்சி என்கிற இளைஞன், அவனுடைய அப்பாவின் உயிரைக் குடித்த காரிக் காளை, அந்தக் காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார். இந்த மூவரும் மனதில் நின்றால் போதும். வாடிவாசலை ஒட்டி நின்றுகொண்டு ஒரு கிழவர் ஒவ்வொரு மாட்டைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பக்கத்தில் நாமும் நெருக்கியடித்து நிற்கிறோம், அவ்வளவுதான். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறவருக்குப் பூமணியின் 'வெக்கை', 1982. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் செய்த கொலையில்தான் கதையே தொடங்குகிறது. யார் செய்தது என்ற மர்மம் கிடையாது. அதன் பிறகு அப்பாவும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், அடுத்த ராத்திரி எங்கே படுப்பது என்று பார்க்கிறார்கள். துப்பறியும் கதை படித்து வளர்ந்தவர்கள் இதைக் கீழே வைப்பதில்லை. "அதான் 'அசுரன்' படம் பார்த்தாச்சே" என்று சொல்வார்கள். 2019இல் வந்த அந்தப் படம் இந்த நாவலிலிருந்து எடுத்ததுதான். ஆனால் படத்தில் அப்பாவுக்குத்தான் வீச்சு. நாவல் பையனை விட்டு விலகாது. படம் பார்த்தவர்கள் தைரியமாகப் படிக்கலாம்.

வட்டாரப் பேச்சில் தடுக்கி விழுகிறவருக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம்; ஒரு தெரு, ஜமுனா, அவள் தங்கை சாயா, அதே தெருவில் ஒரு டீச்சரம்மா. வாக்கியங்கள் சின்னவை, பேச்சு சாதாரணமானது. ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு அடி பம்பு தேடி நடப்பதை எழுதுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இருபது பக்கம் தாண்டியபின் அப்படித் தோன்றாது.

அடுத்து, 'பொன்னியின் செல்வ'னுக்குப் பிறகு எதைப் படிப்பது என்று கேட்கிறவர்கள். தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். இலக்கியம் தெரிந்தவர்களாகத் தங்களைக் கருதிக்கொள்ளும் சிலர் இவர்களைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஐந்து பாகத்தைப் படித்து முடித்த ஒருவர் வாசகர் ஆகிவிட்டார். அவருக்கு அதில் எது பிடித்தது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்தப் பயணமும் ஊர் ஊராகச் சுற்றுவதும் பிடித்தது என்றால், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் ஆரம்பிக்கும். கப்பல், பினாங்கு, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் என்று கதாநாயகன் பாண்டியனோடு நாமும் போகிறோம். நடுநடுவே சிங்காரம் பழைய புலவர்களை வம்புக்கு இழுப்பார். அவர் அந்த ஊர்களில் வாழ்ந்தவர். வாழ்நாளில் எழுதியது இரண்டே நாவல். இது புத்தகமாக வெளிவந்தது 1972இல், அதுவும் நெடுநாள் காத்திருந்த பிறகு.

ஆழ்வார்க்கடியானின் வாய்த்துடுக்கும், கதைக்குள் கதை சொல்வதும் பிடித்தது என்றால், கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரம்மாள், தன் ஜனங்கள் தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்த கதையைச் சொல்வாள். அதைப் படிப்பதைவிட யாராவது வாசிக்கக் கேட்பது இன்னும் நன்றாக இருக்கும்.

நந்தினியை மறக்க முடியவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. நல்லவளா கெட்டவளா என்று தீர்ப்புச் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள். அவர்களைத் தி. ஜானகிராமனிடம் அனுப்பிவிடுங்கள். 'மோகமுள்' பெரிது, அது பிறகு ஆகட்டும். முதலில் 'அம்மா வந்தாள்'. 1966இல் வந்த நாவல். வேதம் படித்துவிட்டு வீட்டுக்கு வரும் அப்பு, தன் தாய் அலங்காரத்தம்மாளைப் பற்றித் தெரிந்துகொள்ளும் விஷயம்தான் கதை. அவளைக் கோபிக்கவும் முடியாது, கோபிக்காமலும் இருக்க முடியாது.

ஒரு நாவலைச் சிபாரிசு செய்யும்போது அதில் இருக்கும் சிரமத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. "பிரமாதம், கட்டாயம் படிங்க" என்பதில் ஒரு தகவலும் இல்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்த கொங்கு நாட்டு நாவல். சொத்தில் தன் பங்கைக் கேட்கும் ஒரு விதவையின் கதை. அதைக் கொடுக்கும்போது, "பேச்சு வழக்கு முதலில் இடறும், அந்த இடங்களை வாய்விட்டுப் படியுங்கள், சரியாகிவிடும்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புக'ளைக் கொடுத்தால், "இதில் கதை என்று ஒன்றைத் தேடாதீர்கள், பின்பாதி முழுக்க டைரி" என்று சொல்லிவிட வேண்டும். அதன் முதல் வாக்கியமே பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள் ஜே.ஜே. இறந்தான் என்கிறது. அப்படி ஒரு மலையாள எழுத்தாளர் உண்மையிலேயே இருந்தார் என்று நம்பியவர்கள் உண்டு. எழுத்தைப் பற்றிச் சண்டை போடுகிற நண்பர்களுக்கு அது விருந்து. நாவலே படிக்காதவருக்கு முதல் புத்தகமாக அதைக் கொடுப்பது அநியாயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: முன்னுரையைக் கடைசியில் படிக்கச் சொல்லுங்கள். நம் பதிப்புகளில் முன்னுரை எழுதுகிறவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லிவிடும் வழக்கம் இருக்கிறது.

தமிழில் சிபாரிசு செய்வதையே ஒரு வேலையாகச் செய்தவர் விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் என்கிற க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டே ஒரு புத்தகம் எழுதினார். பட்டியல் போடுகிறார் என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். அவர் விடவில்லை. வெளிநாட்டு நாவல் ஒன்று பிடித்துப்போனால் பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல் உட்கார்ந்து மொழிபெயர்த்தும் கொடுத்தார். பேர் லாகர்குவிஸ்ட்டின் 'அன்புவழி', நட் ஹாம்சனின் 'நிலவளம்' இரண்டும் அப்படி வந்தவை. சுந்தர ராமசாமி, தகழியின் 'தோட்டியின் மக'னை மலையாளத்திலிருந்து கொண்டுவந்ததும் இந்த வகைதான். இதற்கு மேல் என்ன சிபாரிசு வேண்டும்?

வானொலியில் எனக்கு ஒரு சங்கடம். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் எந்த நாவலைப் பாதியில் வைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு பெயரையாவது சொல்லாமல் போனால் நன்றாயிராது. சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்துத் திரும்பிய சிதம்பரம், கரும்பு ஆலை வைப்பதற்காக ஒரு வனத்தை விலைக்கு வாங்கி அழிக்கிறான். கொடியை அறுப்பதும் மரத்தை வெட்டுவதுமாகப் பக்கம் பக்கமாக ஓடும். அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். வெட்டி மாளாமல் அவன் மூங்கில் காட்டுக்குத் தீ வைக்கும் இடம் வந்துவிட்டால் பிறகு நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். ஆசிரியர் அவனைத் திட்டவுமில்லை, மெச்சவுமில்லை. பெரிய புத்தகமும் இல்லை.

நன்றி. வணக்கம்.