சாப்பிட்டுப் பார்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய மொழி படித்தது என் வாழ்க்கையையும் ஆசிரியர் வேலையையும் எப்படி மாற்றியது என்று பேச அழைத்திருக்கிறார்கள். பெரிய கதையெல்லாம் இல்லை. எல்லாம் ஒரு சின்ன வினைச்சொல்லில் ஆரம்பித்தது.

'தபேத்தே மிரு.' தபேரு என்றால் சாப்பிடுவது, மிரு என்றால் பார்ப்பது. நான் படித்த புத்தகத்தில் இதற்கு ஆங்கிலத்தில் அரைப்பக்க விளக்கம் இருந்தது. மனப்பாடம் செய்தும் தேர்வில் தப்பாகத்தான் எழுதினேன். அப்புறம் ஒருநாள், "இந்தச் சட்டையைப் போட்டுப் பாரேன்" என்று யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. போட்டுப் பார், சாப்பிட்டுப் பார். அட, அரைப்பக்கமும் இவ்வளவுதானா!

அன்று முதல் புத்தகத்தின் ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். 'தபேத்தே ஷிமத்தா', சாப்பிட்டுவிட்டேன். 'கத்தே ஒக்கு', வாங்கி வை. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்றவை பெயருக்குப் பின்னால் வரும். கோரே, சோரே, அரே, தோரே என்பதற்கு இது, உது, அது, எது என்று எழுதினேன். 'உது'வை நம்மில் பலர் தொலைத்துவிட்டோம். இலங்கைத் தமிழர் பேச்சில் இன்றும் இருக்கிறது. கேட்பவர் பக்கத்தில் இருக்கும் பொருளைச் சுட்ட ஜப்பானியருக்கும் தனிச்சொல் வேண்டியிருக்கிறது.

இரண்டும் உறவு மொழிகள் என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, வகுப்பில் கைகொடுக்கிறது; எனக்கு அது போதும்.

நான் பாடம் நடத்த வந்த புதிதில், எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஆங்கில விளக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். மாணவர்கள் தலையாட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். என் ஓரக்குறிப்புகளைக் கரும்பலகைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர்கள் எதிர்க்கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் எழுத்து விஷயத்தில் தமிழ் காலை வாரிவிடும். ஜப்பானில் ஒரு பழக்கடையில் சீமைப் பனிச்சைப் பழம் கேட்டேன். அதன் பெயரைத் தமிழில் 'ககி' என்று குறித்து வைத்திருந்தேன். நடுவில் வரும் 'க'வை நாம் 'பகல்', 'முகம்' என்று சொல்வதுபோல மென்மையாக்கிவிடுவோம், இல்லையா? அப்படிச் சொன்னால் ஜப்பானிய மொழியில் அது சாவி. கடைக்காரர் பாவம், நான் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துக் குனிந்து தரையெல்லாம் தேடினார். ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் 'கி'யின் தலைமாட்டில் இரண்டு சின்னக் கோடுகள் போட்டால் சாவி, போடாவிட்டால் பழம். அதனால் அடிப்படை ஹிரகானா 46-ஐயும் முடித்தவுடன், ஜப்பானியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதக் கூடாது என்று வகுப்பில் சொல்லிவிடுவேன். முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும்.

சான்றிதழ் பற்றியும் ஒரு வார்த்தை. ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், எளிதான என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். எதிலும் வாய்திறந்து பேசும் பகுதி கிடையாது. விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். என்2 முடித்த தெம்பில்தான் நான் அந்தப் பழக்கடைக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேச்சு மட்டும்.

போன வாரம் ஒரு மாணவி எழுந்தாள். "ஷிமத்தாவில் வருத்தமும் கலந்திருக்கும் என்றீர்களே சார், அப்படியானால் 'சாப்பிட்டுத் தொலைத்தேன்' என்று சொன்னால் இன்னும் பொருந்தாதா?" இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. வகுப்பு சிரித்து முடிக்கும்வரை நான் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன். பழைய புத்தகத்தின் ஓரத்தில், 'விட்டேன்' என்பதற்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்தேன். ஜப்பானிய மொழியில் சொன்னால், கைத்தே ஒய்த்தா.