வேலிக்கு ஓணான் சாட்சி

அவைத்தலைவர் ஐயா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, போன ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வெயிலில் நடந்த பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பந்தலும் மைக்கும் தந்த கோயில் கமிட்டியாருக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பறவை, வண்ணத்துப்பூச்சி, குளம் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்தேன், ஆனால் பேச்சு வேலியில்தான் போய் நிற்கும். பறவை என்றாலே வெள்ளோடு, நஞ்சராயன் குளம் என்கிறோம். நஞ்சராயன் குளம் 2024இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் இது வைகாசி. வலசை வந்த வாத்துகள் திரும்பிப் போய்விட்டன. அதனால் பிள்ளைகளைக் காங்கேயம் பக்கம் ஒரு கொரங்காட்டுக்கு, அதாவது கிளுவை முள்ளால் உயிர்வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குக் கூட்டிப்போனோம்.

‘ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி’ என்று பொய்ச்சாட்சிக்குச் சொல்வார்கள். அங்கே பார்த்தது மெய்ச்சாட்சி.

ரெண்டு கோடை மழை பெய்திருந்ததால் வேலிக் கிளுவை துளிர்விட்டிருந்தது. அதில் படர்ந்த வேலிப்பருத்தி இலையை ஒரு புழு ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி. கடித்த இடத்தில் பால் துளிர்த்தது. வெந்தய வரியன் என்கிற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. எல்லாரும் குனிந்து பார்க்கும்போது ஆடு ஓட்டிவந்த ஆத்தா சத்தம் போட்டார்: “கண்ணுகளா, அந்த மூலைக்குப் போவாதீங்க, கௌதாரி அடை கெடக்குது!” எட்டிப் பார்த்தோம். கிளுவைத் தூரில், காய்ந்த கொழுக்கட்டைப்புல்லோடு புல்லாக ஒரு கௌதாரி. கண் மட்டும்தான் அசைந்தது. இருபது பிள்ளைகளும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். “பத்து நாளா ஆட்டை இந்தக் கடவுல விடறதில்லீங்க, சுத்தித்தான் ஓட்டறேன்” என்றார் ஆத்தா. அதற்காக அரை மைல் கூடுதலாக நடக்கிறார்.

அடுத்த காட்டில் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி. ஒரு பையன் கேட்டான்: “சார், இதுல ஓணான் எங்க உக்காரும்?” வேலிக்கு ஓணான் சாட்சி என்றேனே, அந்த வேலியில் சாட்சியே இல்லை. கிளுவை வெட்டிக் கட்ட ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படி ஆவதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் ஊர் கூடிச் செய்ய வேண்டும் என்கிறேன்.

தலைவர் அம்மா, பள்ளிக்குப் பின்பக்கம் கம்பி வேலி வரப்போகிறது என்கிறார்கள். அந்தப் பக்கம் மட்டுமாவது கிளுவைக்கு விடுங்கள். பந்தல் ஓரம் நடுவதற்கு ஆறு கட்டு கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய குச்சி, வைத்திருக்கிறோம். கடப்பாரையும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாங்க, மழைக்கு முன்னால் ஊன்றிவிடலாம்.