கொழும்பை எந்தக் கோட்டுக்குள் அளக்கிறோம்?

சபையோர் அனைவருக்கும் வணக்கம்.

நகரமொன்று வாழத் தகுந்ததா, நாளைக்கும் தாங்குமா என்று பார்க்க இன்று குறிகாட்டிகளுக்கு, அதாவது அளவுகோல் எண்களுக்கு, பஞ்சமில்லை. நகரங்களை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 37120இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில் மட்டும் நூற்றுக்கு மேல் உண்டு. அவற்றைக் கொழும்புக்குப் பொருத்தும்போது நாம் சறுக்குவது எல்லைக் கோட்டிலும் வகுக்கும் எண்ணிலும்தான்.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வீதமான வீடுகளில் குப்பை அள்ளப்படுகிறது என்பது ஒரு குறிகாட்டி. மாநகர சபை எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர். அதற்குள் லொறி ஒழுங்காக வந்தால் புள்ளி ஏறிவிடும். அள்ளிய குப்பையோ எல்லைக்கு அப்பால், கொலன்னாவைப் பக்கம் மீதொட்டமுல்லயில் மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, அது சரிந்து 30க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அள்ளும் வீதத்தை எவ்வளவு நுணுக்கமாகக் கணித்தாலும் அந்த மலை அதில் தெரியாது. குப்பை போய்ச் சேரும் இடம், தினமும் கொட்டும் தொன், குவியலின் உயரம், சரிவு, அடிவாரத்துக்கும் முதல் வீட்டுக்கும் இடையிலான தூரம் எல்லாம் அதே தாளில் வரவேண்டும்.

அடுத்தது வகுக்கும் எண். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாநகரத்தில் வசித்தோர் சுமார் 560,000 பேர். காலையில் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் வந்து மாலையில் திரும்பும் பெருங்கூட்டம் இதில் இல்லை. அவர்கள் போடும் குப்பையை வசிப்போர் தலையில் வகுத்தால் கொச்சிக்கடைக் குடும்பம் ஊதாரியாகத் தெரியும். பொதுக் கழிப்பறையோ போதுமானதாகத் தெரியும். பாடசாலைக்கும் குழாய் நீருக்கும் இரவுச் சனத்தொகை பொருந்தும். கழிப்பறைக்கும் நடைபாதை அகலத்துக்கும் பகல் சனத்தொகையால் வகுக்க வேண்டும்.

மிக அதிகமாகத் தவறாகக் கணிக்கப்படுவது நடை தூரம். பஸ் தரிப்பிடம் 500 மீற்றருக்குள், பொதுத் திறந்தவெளி 400 மீற்றருக்குள் என்பது ஐ.நா. நிலைபேறான அபிவிருத்தி இலக்கு 11இன் அளவுகோல். வெள்ளவத்தையில் காலி வீதித் தரிப்பிடமொன்றைச் சுற்றிக் கவராயத்தால் வட்டம் போட்டால் மேற்கே ஒரு துண்டு கடலுக்குள் விழும். கால்வாய் பக்கத்தில் இருந்தால் மறுகரையும் உள்ளே வந்துவிடும்; அந்த வீட்டாரோ பாலத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். ஆகவே நடக்கக்கூடிய ஒழுங்கைகளை மட்டும் வரைபடத்தில் விடுங்கள். முட்டுச்சந்துகளைத் தாண்டிக் கோடு இழுக்காதீர்கள். பூங்காவின் நடுப்புள்ளியை விட்டு, திறந்திருக்கும் வாசலிலிருந்து தூரத்தை எண்ணுங்கள். சனத்தொகையை நிலப்பரப்பில் சமமாகப் பரப்பினால் கிராண்ட்பாஸில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளின் நெரிசல் கரைந்துபோகும். குடியிருப்புக் கட்டடங்களின் மாடிப் பரப்புக்கு ஏற்பப் பகிருங்கள்.

செய்மதிப் படத்தின் பச்சையை நம்பி ஏமாறுவோரும் பலர். கறுவாத்தோட்டத்து வீட்டு முற்றங்களும் பொரளைக் கொல்ஃப் திடலும் அதில் பச்சைதான். உள்ளே போக அங்கத்துவம் கேட்கும் இடத்தைப் பொதுவெளியில் சேர்க்கக் கூடாது. மட்டக்குளிப் பிள்ளைக்கு விகாரமகாதேவிப் பூங்காவும் எட்டாத தூரம். இதனால்தான் மாநகரச் சராசரியை மட்டும் வெளியிடுவதை நான் ஏற்பதில்லை; வட்டாரவாரியாகத் தரவேண்டும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக: பி.எம். 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் வைத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீற்றருக்கு 5 மைக்ரோகிராம். கடற்காற்று வீசும் யூலையில் பத்து நாள் அளந்து ஆண்டுக்கணக்குச் சொல்ல முடியாது. வடகீழ்ப் பருவக்காற்று மாதங்களில் அளவு ஏறும். ஒளிச்சிதறலால் இயங்கும் மலிவான கருவிகள் ஈரப்பதம் கூடினால் துகளையும் கூட்டிக் காட்டும். தரமான நிலையக் கருவியின் பக்கத்தில் இரு பருவங்களிலும் சில வாரங்கள் ஓடவிட்டுத் திருத்திய பிறகே தெருவில் பொருத்துங்கள்.

கணக்கு முடிந்ததும் வட்டாரத்துக்குப் பத்து வீடுகளைக் குலுக்கலில் தெரிந்து, அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு தரிப்பிடம் வரை நடந்து பாருங்கள். கணினி 450 மீற்றர் என்ற இடத்தில் சக்கரம் 600 காட்டினால், இடையில் பூட்டிய கேற் ஒன்று இருக்கும். அதைக் குறித்து வரைபடத்தைத் திருத்தி மறுபடி கணியுங்கள்.