முழங்கையில் சுற்ற வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் கேபிள் டிவி லைன் வேலை பார்க்கிறவன் நான். கழற்றிய கேபிள் ஒயரை எப்படிச் சுற்றி வைப்பது என்று இன்றைக்குப் பேசப்போகிறேன். கோஆக்சியல் ஒயர் என்பார்கள். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து வீட்டுக்குள் இறங்குவது அதுதான். எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் கேமராவுக்கு ஓடுவதும் பல இடங்களில் அந்த இனம்தான்.

வீடு மாறும்போதோ வெள்ளையடிக்கும்போதோ இந்த ஒயரைக் கழற்றுகிறோம். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே விறுவிறுவென்று சுற்றி, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கி, ஆணியில் மாட்டிவிடுகிறோம். வெளியே வெயிலையும் மழையையும் வருஷக்கணக்கில் தாங்கிய ஒயர், வீட்டுக்குள் வந்து அந்த ஆணியில்தான் கெட்டுப்போகிறது.

ஏன் என்று புரிய, ஒயரை ஒருமுறை வெட்டிப் பார்க்க வேண்டும். வீடுகளுக்கு வரும் ஆர்ஜி-6 என்ற வகை ஒயரில் நடுவே ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கம்பி. பெரும்பாலும் இரும்புக் கம்பிதான், மேலே செம்புப் பூச்சு. அதைச் சுற்றி நாலரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை நுரை. அதன்மேல் அலுமினியத் தாள், அப்புறம் வலைபோல் பின்னிய மெல்லிய கம்பிகள், கடைசியாகத் தோல். கம்பி நுரையின் நட்டநடுவில் இருந்தால்தான் ஒயரின் 75 ஓம் கணக்கு, அதாவது சிக்னலுக்கு ஒயர் காட்டும் எதிர்ப்பின் அளவு, சரியாக நிற்கும். ஓர் இடத்தில் நுரை நசுங்கி, கம்பி ஓரமாகப் போய்விட்டால் கணக்கு அந்த இடத்தில் மாறுகிறது. வருகிற சிக்னலில் ஒரு பங்கு அங்கேயே மோதித் திரும்பிவிடும். சில சேனல்கள் நன்றாகத் தெரியும், சிலது மட்டும் கட்டம் கட்டமாக உடையும். பழியை செட்டாப் பாக்ஸ் மேல் போடுகிறோம்.

மடிப்பு விழுந்த இடத்தை நிமிர்த்தினால் தோல் நேராகிவிடும், உள்ளே நசுங்கிய நுரை பழையபடி எழும்பாது. அதனால் வளைவுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறோம். ஒயரின் கனத்தைப் போல் பத்து மடங்கு ஆரம் என்பது பொதுவான கணக்கு. ஆர்ஜி-6 ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். ஆரம் 7 சென்டிமீட்டர் என்றால் அகலம் 14. ஆக, வளையம் அரையடி அகலத்துக்குக் கீழே போகவே கூடாது. மாதக்கணக்கில் வைப்பதற்கு ஓர் அடிக்கு மேல் இருக்கட்டும். தெருவில் ஓடும் தடித்த ஆர்ஜி-11 என்றால் இன்னும் அகலமாக.

வளைவை விடப் பெரிய பகை முறுக்கு. ஒரே பக்கமாகச் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒயர் தன்மேல் ஒரு முழு முறுக்கு வாங்குகிறது. காசிமேட்டு வலைக்கயிறு புரி போட்டுத் திரித்தது, புரியின் போக்கில் சுற்றினால் அது அடங்கிக்கொள்ளும். நம் ஒயரில் புரி இல்லை. முறுக்கு உள்ளே போய் அலுமினியத் தாளைக் கிழிக்கும், பின்னலை ஒதுக்கும். அடுத்த தடவை இழுக்கும்போது எட்டுப் போல் வளைந்து, பட்டென்று மடியும்.

இதற்கு வழி, மேல் ஒன்று கீழ் ஒன்றாகச் சுற்றுவது. இடது கையில் ஒயரின் நுனி. வலது கையால் இரண்டரை முழம் எடுத்து வழக்கம்போல் ஒரு வளையம் போடுங்கள். அடுத்த வளையத்துக்கு வலது மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பி, ஒயரின் மிச்ச நீளம் வளையத்தின் உள்பக்கமாகப் போகும்படி வையுங்கள். மறுபடி வழக்கமான வளையம், மறுபடி திருப்பியது. ஒன்று வலப்பக்கம் முறுக்க, அடுத்தது இடப்பக்கம் முறுக்க, கணக்கு நேராகிவிடும். நுனியைப் பிடித்துக்கொண்டு சுருளை வீசினால், நேராக ஓடி விழும். ஒரே ஒரு எச்சரிக்கை: நுனி சுருளின் நடுவே புகுந்துவிட்டால் ஒன்று விட்டு ஒன்று முடிச்சு விழும். அதனால் கட்டும்போதே நுனியை வெளிப்பக்கம் சேர்த்துக் கட்டிவிடுங்கள். புது பண்டலையும் படுக்கப்போட்டுப் பக்கவாட்டில் உருவ வேண்டாம். நடுவே பைப் சொருகி, பண்டலையே சுழலவிடுங்கள்.

கட்டுவதற்குப் பழைய வேட்டித் துணியைக் கிழித்த நாடா போதும், நாலு இடத்தில், தளர்வாக. பிளாஸ்டிக் டேக் இறுக இறுக நுரையைக் கடிக்கும். ஆணியில் தொங்கினால் மொத்தச் சுருளின் எடையும் ஒரே இடத்தை அழுத்தும். டயர் கழற்றிய பழைய சைக்கிள் ரிம்மைச் சுவரில் பொருத்தி அதில் மாட்டுவதுதான் எனக்குப் பிடித்த ஏற்பாடு. தகர ஷெட்டில் மட்டும் வேண்டாம். கத்திரி வெயிலில் நுரை இளகும், வளைந்த இடத்தில் கம்பி மெல்ல மெல்ல ஓரமாக நகரும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்று ஒரு தனித் தொல்லை. வெட்டிய முனையைத் திறந்தே விட்டால் பின்னல் வழியாக ஈரம் உள்ளே ஏறும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் மரங்களோடு ஒயர்களும் விழுந்தன. நனைந்து கிடந்த அந்த மாதிரி ஒயரின் முனையைச் சீவினால், மினுங்க வேண்டிய அலுமினியப் பின்னல் வெள்ளைப் பொடியாக உதிரும். மினுமினுப்புத் தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். எடுத்து வைக்கும் முன்பே இரண்டு முனையிலும் டேப் சுற்றிவிட்டால் இந்த வேலை மிச்சம்.

சுற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இழுத்து வாருங்கள். அழுக்கும் போகும், தட்டையான இடம் இருந்தால் விரலுக்கும் தெரியும். மல்டிமீட்டரில் நடுக்கம்பியும் பின்னலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கலாம். நசுங்கல் அதில் தெரியாது, விரலைத்தான் நம்ப வேண்டும். அப்படி ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கேயே வெட்டி, இரண்டு சின்ன ஒயராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ரூமுக்கு ஆகும்.

கடைசியாக, சீட்டு. பல ஒயர்களின் தோலிலேயே மீட்டர் எண் அச்சடித்திருக்கும். ஒரு முனையின் எண்ணிலிருந்து மறுமுனையின் எண்ணைக் கழித்தால் நீளம் வந்துவிடும், பிரித்து அளக்க வேண்டாம். அந்த நீளத்தையும் ஒயரின் வகையையும் எழுதிக் கட்டுங்கள். ஆர்ஜி-58, ஆர்ஜி-59 இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். முன்னது 50 ஓம், வயர்லெஸ் செட்டுக்கு. பின்னது 75 ஓம், கேமராவுக்கு. சீட்டு இல்லாமல் இரண்டையும் ஒரே கூடையில் போட்டால், அவசரத்துக்கு எடுக்கும்போது நிச்சயம் மாறும்.

நன்றி, வணக்கம்.