செல்லாமல் போன 1000 குரோனர்

நேயர்களுக்கு வணக்கம். டென்மார்க்கின் 1000 குரோனர் நோட்டு 2025 மே 31-ஆம் தேதியோடு செல்லாமல் போனது. கள்ள நோட்டுக்குப் பயந்து எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கதி வேறு.

2011-இல் வெளிவந்த சிவப்பு நோட்டு அது. பதினாறரை சென்டிமீட்டர் நீளம். வரைந்தவர் காரின் பிர்கிட்டே லுண்ட் என்ற ஓவியர். அவருடைய நோட்டு வரிசையில் தலைவர் படம், அரசி படம் எதுவும் கிடையாது. முன்பக்கம் ஒரு பாலம், பின்பக்கம் ஒரு தொல்பொருள், அவ்வளவுதான். 1000 குரோனரில் இருப்பது ஜீலாந்து, ஃபூனன் தீவுகளை இணைக்கும் கிரேட் பெல்ட் பாலம். அதன் தொங்குபாலத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,624 மீட்டர்.

எனக்குப் பிடித்தது பின்பக்கம்தான். வெண்கலக் குதிரை ஒன்று சூரியத் தட்டை இழுத்துப் போகிறது. 1902-இல் ட்ருண்ட்ஹோம் சதுப்பு நிலத்தை உழுதபோது கிடைத்த சூரியத் தேர் இது. வயது ஏறக்குறைய 3,400 ஆண்டுகள். தட்டின் ஒரு பக்கம் தங்கத் தகடு, மறு பக்கம் வெறும் வெண்கலம். பகலும் இரவும் என்று பொருள் சொல்கிறார்கள்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நீர்க்குறியாக, அதாவது தாளுக்குள்ளேயே பதிந்த உருவமாக, ஒரு வைக்கிங் கப்பல் தெரியும். நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழையில் அலைகள் நகரும். ஹாலோகிராம் நிறம் மாறும். கருவி எதுவும் வேண்டாம், கடைக்காரர் கண்ணும் கையும் போதும்.

ஆனால் கடைக்காரர் கைக்கு அந்த நோட்டு வந்தால்தானே! அங்கே கார்டும் மொபைலும்தான் ஓடுகின்றன. பெரிய நோட்டைக் கொடுத்துச் சாமான் வாங்குபவர்கள் அரிது. அது குற்றவாளிகளுக்குத்தான் தோதாக இருக்கிறது என்று டென்மார்க்கின் மத்திய வங்கி 2023 நவம்பரில் சொல்லி, ஒன்றரை ஆண்டு அவகாசம் கொடுத்தது. நோட்டு அசல்தானா என்பதை அலை ஓடும் இழை காட்டிவிடும். அது வந்த வழியை எந்த இழை காட்டும்?

இதற்கு முன் அந்த நாட்டில் இப்படி நோட்டுகள் செல்லாமல் போனது 1945-இல். ஜெர்மானிய ஆக்கிரமிப்பு முடிந்த கையோடு, போர்க்காலத்தில் பதுக்கிய பணத்தை வெளியே இழுக்க எல்லா நோட்டுகளையும் மாற்றினார்கள். இந்த முறை 1000 குரோனரோடு பழைய வரிசை நோட்டுகளும் போய்விட்டன. ஆன்னா, மிக்கேல் ஆங்கர் என்ற ஓவியத் தம்பதி இருந்த முந்தைய 1000-மும் அதில் சேர்த்தி. இப்போது அங்கே பெரிய நோட்டு 500 குரோனர்தான். அதிலும் பாலம் உண்டு: மோன் தீவுக்குப் போகும் அரசி அலெக்சாண்ட்ரின் பாலம்.